ஹிஸ்டீரியாவுக்கு வைத்தியம்

தேவகியின் மூக்கு நுனியில் செருப்பு ஒட்டும் சொல்யூஷன் ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. மஞ்சளாக, கடுகு அளவுக்கு. எதிரே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். மூக்கை மட்டும் பார்க்கவில்லை.

மேஜை மேல் டேபிள் ஃபேன் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் அந்த ஒரு அறையில்தான் ஃபேன் உண்டு. அவள் தலைமுடி பறந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கிவிடக்கூட அவளுக்குக் கை சரியாக வரவில்லை.

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஹிஸ்டீரியா" என்றார்.

தேவகியின் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "இன்னாடி கௌரி சொல்றாரு? நீதான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவளாச்சே."

எனக்கும் தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் அந்த வார்த்தை வந்ததில்லை. நான் விழிப்பதைப் பார்த்த டாக்டர், தமிழுக்கு இறங்கி வந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க சார்."

"பண்ணி வைங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு டாக்டரே சொல்லிவிட்டார், அதுவும் இங்கிலீஷில் ஆரம்பித்து. தேவகி என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்று பார்த்ததால்தான் தெரிந்தது. அந்தப் பிடியில் வலுவே இல்லை.

உங்கள் தொடரில் கசப்பு தூக்கலாக இருக்கிறதே, அந்தக் காலத்தில் நல்லதே நடக்கவில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நடந்தது ஐயா. டாக்டர் அறையில் காற்று நன்றாக வந்தது.

காற்று ஆகாத ஷெட்

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. நான் சொல்வது எழுபதுகள் முடிகிற சமயம். அப்போது அந்த ரோட்டில் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் செருப்புக் கம்பெனி மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு தனியாக நின்றது. களை பறித்துக்கொண்டிருந்த நாங்கள் 'கம்பெனிக்குப் போற பொண்ணுங்க' ஆகிவிட்டோம். அந்தப் பெருமையைப் போன வாரமே எழுதிவிட்டேன்.

பெண்களுக்கு ஒட்டும் வேலை. தோல் வாரை அடித்தட்டோடு ஒட்டும் பசைக்குச் சொல்யூஷன் என்று பேர். பிரஷ்ஷில் தொட்டு இரண்டு பக்கமும் தடவி, சற்று ஆறவிட்டு, அழுத்த வேண்டும். ஜன்னலைத் திறந்தால் புழுதி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும். ஃபேன் போட்டால் அழுத்துவதற்குள் காய்ந்துவிடும். ஆகவே ஜன்னலுக்கு அடைப்பு, ஃபேன் கிடையாது.

"காத்து பட்டா ரிஜெக்ட் ஆயிடும்மா" என்பார் சூப்பர்வைசர். செருப்பைத்தான் சொன்னார்.

பொய் சொல்வானேன், அந்த வாடை முதலில் எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பெட்ரோலில் பழத்தை நசுக்கிப் போட்டது போல ஒரு இனிப்பு வாடை. காரணமில்லாமல் சிரிப்பு வரும். ஒருத்தி சிரித்தால் மேஜை முழுக்கச் சிரிக்கும். சாயங்காலம் பஸ்ஸில் தலை விண் விண்ணென்று தெறிக்கும். வீட்டுக்குப் போனால் சோற்றில் அந்த வாடை, குடிக்கிற தண்ணீரில் அந்த வாடை. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவலி மட்டும் தங்கியது.

மயக்கத்துக்குச் செருப்பு

சித்திரை வெயில் ஆரம்பித்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் மயங்கி விழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி சாய்ந்தால் சற்று நேரத்தில் பக்கத்து மேஜையில் இன்னொருத்தி சாய்வாள். சில பேர் விழுவதற்கு முன்னால் கத்துவார்கள், அழுவார்கள்.

எங்கள் பக்கத்தில் யாருக்கு வலிப்பு வந்தாலும் மயக்கம் வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள், மூக்கில் செருப்பை வைப்பார்கள். அந்த நாற்றத்துக்கு உள்ளே இருப்பது இறங்கி ஓடிவிடும் என்று நம்பிக்கை.

சாவிக்கொத்து சூப்பர்வைசரிடம் இருக்கும், தர மாட்டார். செருப்புக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் சொந்தச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவோமாம். ஆகவே கைக்கு எட்டிய செருப்பு எது? மேஜை மேல் அப்போதுதான் சொல்யூஷன் தடவி ஆறப் போட்டிருந்த செருப்பு.

அதை எடுத்து விழுந்தவள் மூக்கில் வைத்து அழுத்துவோம். அவள் கண் இன்னும் செருகும். "வுடாத, நல்லா அமுக்குடி. அது எறங்க மாட்டேங்குது" என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். எந்த வாடையில் விழுந்தாளோ அந்த வாடையையே மூக்கில் வைத்து எழுப்பப் பார்த்தோம். எழுந்திருக்காவிட்டால் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். செருப்பு வேலை செய்துவிட்டது என்போம்.

முதலாளி நல்ல மனிதர் என்று பேர். விஷயம் கேள்விப்பட்டதும் பூசாரியை வரவழைத்தார். ஷெட் கட்டும்போது வெட்டிய புளியமரத்தில் குடியிருந்தவள் இடம் இல்லாமல் உள்ளே வந்துவிட்டாள் என்று பூசாரி சொன்னார். கற்பூரம் ஏற்றப் போனபோது சூப்பர்வைசர் பதறி ஓடி வந்தார்.

"உள்ள வேணாம் சாமி! சொல்யூஷன் குப்புனு பத்திக்கும். வாடையிலயே பத்திக்கும். வெளிய வெச்சிக்கங்க."

காற்றில் நெருப்புப் பிடிக்கிற அளவுக்கு அது கலந்திருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியும். அந்தக் காற்றைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் மூச்சாக இழுக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாதாம். கற்பூரம் வாசலில் எரிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். ஜன்னலைத் திறக்கவில்லை.

ஆண்கள் யாரும் விழவில்லையே என்பதுதான் எல்லோருடைய வாதமும். எப்படி விழுவார்கள்? அவர்கள் லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள், திறந்த வெளியில் வேலை. ஏழுமலை என்ற ஒரு ஆள் மட்டும் எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் டிரம்மில் சொல்யூஷன் கலக்குவான். அவன் ஒரு நாள் டிரம் பக்கத்திலேயே மயங்கிக் கிடந்தான். "தண்ணி போட்டுட்டு வந்துகீறான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பீடிகூடப் பிடிக்காதவன். பெண் விழுந்தால் பேய், ஆண் விழுந்தால் சாராயம்.

தார் ரோட்டில்

தேவகி என் மேஜைக்காரி. பக்கத்து ஊர். அப்பா இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வாலாஜாபாத் பக்கத்தில் காத்திருந்தார். ரைஸ் மில்லில் வேலை, இவளைவிட இருபது வயதாவது மூப்பு. முதல் மனைவி கிணற்றில் கிடந்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. முறை மாமன் ஆயிற்றே.

தேவகிக்கு அவரைக் கண்டாலே நடுங்கும். கம்பெனி வேலை கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அதனால் அம்மாவும் கல்யாணப் பேச்சை எடுப்பாள், பிறகு விட்டுவிடுவாள். "இந்த வேல இருக்கறவரைக்கும் நான் தப்பிச்சேன்டி" என்று தேவகி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாவி இல்லை. தெரிந்துதான் தலைவலியைப் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு மே மாதத்து மதியம், அரை நாள் லீவு. இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். தார் உருகி மின்னியது. சற்று முன்னால் நடந்தவளின் இடது கால் செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடந்தது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏய், செருப்ப வுட்டுட்டுப் போறியே!"

திரும்பினாள். காலைக் குனிந்து பார்த்தாள். "எப்படி கழண்டுச்சி? எனக்குத் தெரியலயே" என்றாள். பாதம் முழுக்கத் தார் அப்பியிருந்தது. நான் விரல் வைத்துப் பார்த்தேன், சுட்டது. அவளுக்குச் சுடவில்லை.

அப்புறம் பிரஷ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை, நானும் கண்டக்டரும் தூக்கிவிடுவோம். கடைசியில் ஷெட்டிலேயே விழுந்தாள். செருப்பை அமுக்கினார்கள். எழுந்தபோது நிற்க முடியவில்லை. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், டாக்டர் அறைக்குக் கொண்டுபோனோம். மூக்கில் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் சொட்டு அப்படி வந்ததுதான்.

அம்மா அவசரமாக எழுந்தாள். தேவகி என்னைப் பார்த்து, "நீ சொல்லுடி. அந்த வாடைதான்னு சொல்லுடி" என்றாள். நான் சொன்னேன். "சார், உள்ள சொல்யூஷன் வாடை தாங்கல சார். ஜன்னலத் தொறக்க மாட்டேங்கறாங்க. அதுலதான் எல்லாரும் விழறாங்க."

டாக்டர் கோபிக்கவில்லை, சிரித்தார். "நானும்தாம்மா இங்க வரேன். எனக்கு மயக்கம் வருதா?"

ஃபேன் அவர் பக்கம் திரும்பியது.

மெட்டி

ஆவணியில் கல்யாணம், கோயிலில் வைத்து. மணப்பெண் நடந்து வரவில்லை. இரண்டு பக்கமும் பெண்கள் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அம்மி மிதிக்கிற நேரத்தில் நான்தான் குனிந்து அவள் காலை எடுத்து அம்மி மேல் வைத்தேன்.

மாப்பிள்ளை மெட்டியைப் போட்டார். அளவு சிறிது, விரலில் இறங்கவில்லை. அவர் திருகி இறக்கினார். தோல் பிய்ந்து அம்மியில் ரத்தம் சொட்டியது. தேவகி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரேன், இன்னா பொறுமை பொண்ணுக்கு" என்று ஒரு அத்தை மெச்சினாள். எனக்கு அங்கேயே ஓவென்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவளுக்கு உறைக்கவே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிரேக்கத்து டாக்டர்கள்

அந்த வார்த்தை என்னை விடவில்லை. கொஞ்ச காலம் கழித்து, தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது காஞ்சிபுரம் நூலகத்தில் ஒரு தலையணை அகராதியைப் புரட்டினேன். 'எச்' எழுத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஹிஸ்டீரியா, கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஹிஸ்டெரா' என்றால் கர்ப்பப்பை.

மயக்கத்துக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று வேறொரு தடிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். விரலை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன். அந்தப் பழைய கிரேக்கத்து வைத்தியர்கள், கர்ப்பப்பை ஒரு இடத்தில் நிற்காமல் உடம்புக்குள் சுற்றித் திரியும் என்று நம்பினார்களாம். மேலே ஏறி நெஞ்சை முட்டினால் மூச்சு அடைக்கும். தொண்டையை முட்டினால் மயக்கம் வரும். கன்னிப் பெண்களுக்கும் விதவைகளுக்கும்தான் அதிகம் வருமாம்.

வைத்தியம் என்ன தெரியுமா? மூக்கில் நாற்றம் பிடித்த பொருளை வைக்க வேண்டும். அந்த நாற்றம் தாங்காமல் கர்ப்பப்பை கீழே இறங்கி ஓடிவிடும். அதற்கும் கேட்காவிட்டால் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டும்.

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முறைத்தார். அவருக்கு என்ன தெரியும்? கடல் தாண்டி, எத்தனையோ நூற்றாண்டு தாண்டி, அந்தக் கிரேக்கத்து டாக்டர் எங்கள் ஷெட்டுக்குள் வந்திருந்தால் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. செருப்பை எடுத்து அவரும் அமுக்கியிருப்பார். அவருக்கும் எங்கள் டாக்டருக்கும் நடுவில் ஒரு டேபிள் ஃபேன்தான் கூடுதல்.

தெர்மாமீட்டர், டெலிபோன் என்கிற பேர்களும் கிரேக்கத்திலிருந்து செய்தவைதான் என்று அதே அகராதி சொல்லிற்று. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசும். இந்த வார்த்தை எதையும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடும். பூசாரி சொன்ன பேய்க்கும் டாக்டர் சொன்ன ஹிஸ்டீரியாவுக்கும் வேலை ஒன்றுதான். குற்றம் ஷெட்டில் இல்லை, உன் உடம்புக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது. ஏழுமலையையும் ஹிஸ்டீரியா என்றிருந்தால் அவனுக்கும் ஒரு கர்ப்பப்பை தேட வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, சாராயத்தோடு விட்டார்கள்.

என் விரல்கள்

அதற்குள் என் விரல் நுனிகளும் மரத்துப் போயிருந்தன. கம்பெனியை விட்டுவிட்டு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு டாக்டர் ஒருவர் என் விரல்களைக் குண்டூசியால் குத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன வேலை செய்யறே?" என்பதுதான்.

"செருப்புக் கம்பெனி சார். சொல்யூஷன் ஒட்டறது."

"ஜன்னல் உண்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர்.

அந்த வாடை நரம்பைத் தின்கிறது என்றார். "வேலையை விட்டுட்டே இல்ல? முதல்ல மரத்துப்போறது கொஞ்சம் அதிகமாகிற மாதிரித் தெரியும், பயப்படாதே. அப்புறம் மெதுவாத் திரும்பி வரும். ஒரு வருஷமோ மேலயோ ஆகும். நல்ல காத்துதான் மருந்து."

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்

தேவகியின் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது தைப் பொங்கல் முடிந்து, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். யாரையும் பிடிக்காமல், விறுவிறுவென்று. தேவகி.

கூடவே அவள் அம்மா. என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாடி கௌரி? எப்படி நடக்கிறா பாரு! கல்யாணம் ஆன புதுசுல இன்னும் மோசமாத்தான் இருந்திச்சி. அப்பால கொழந்த வயித்துல வந்திச்சா, கொஞ்சம் கொஞ்சமா காலு வந்துட்ச்சி. டாக்டரு சொன்னது அப்படியே பலிச்சிட்சி. நம்ம கம்பெனிப் பொண்ணுங்க இன்னும் ரெண்டு பேருக்கு இவளக் காட்டித்தான் கல்யாணம் முடிஞ்சிது."

அம்மா குழந்தைக்குப் பன் வாங்கக் கடைக்குப் போனாள்.

தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாடை, நரம்பு, நல்ல காற்று, தானாகத் திரும்பி வருவது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். மேல்கையில் நான்கு விரல் தடம் பச்சையாகக் கன்றியிருந்தது.

"அப்ப, வேலய வுட்டுட்டு அம்மா வூட்லயே கெடந்திருந்தாகூட காலு வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"ஜன்னலத் தொறந்து வெச்சிருந்தா?"

"இந்த அளவுக்கு மரத்தே போயிருக்காது."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அழவில்லை. "நான் நடிக்கிறேன்னு அந்த ஆளு கால்லயேதான்டி அடிப்பாரு. ஒண்ணும் தெரியாது எனக்கு. சும்மா பாத்துக்கினு இருப்பேன். அழுத்தக்காரின்னு இன்னும் அடிப்பாரு. காலு வந்தப்புறம்தான் வலிக்கவே ஆரம்பிச்சிது" என்றாள்.

வாலாஜாபாத் பஸ் வந்துவிட்டது.

அவளே படி ஏறினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. வழியனுப்ப வந்த அவள் அம்மா, வாங்கிவந்த பன்னைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், "இந்தப் படி ஏற முடியாம தூக்கி வெச்ச பொண்ணும்மா இது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உண்மையான பிரியத்தோடுதான்.

"உனுக்கும் வெரலு மரத்துப் போவுதாமே, உங்கம்மா சொல்லி அழுதுச்சி. சொன்னா கேளு கண்ணு. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க. எல்லாம் சரியாப் பூடும்."

பஸ் நகர ஆரம்பித்தது. ஜன்னலோரம் இருந்த தேவகி பாதி உடம்பை வெளியே நீட்டி, அந்தப் பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"வேணாம்டி கௌரி! ஜன்னலத் தொறந்து வெச்சிக்க, போதும்!"

அவள் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.